கார்னெட் தனியாக வருவதில்லை

குழித்துறைக்கு வடமேற்கே, கேரள எல்லையை ஒட்டிய ஓர் ஊரில், என் பெரியம்மா வீட்டில் கிணறு வெட்டினார்கள். முதலில் வெட்டுகல் வந்தது. அது முடிந்ததும் வெள்ளையும் மஞ்சளுமாகக் கையால் உதிர்க்கக்கூடிய பாறை. அதற்கும் கீழே கொஞ்சம் கெட்டியான கல். வெட்டிக் கரையில் போட்ட குவியலில் உரித்த தேங்காய் அளவில் ஒரு துண்டு கிடந்தது. அதில் சுண்டைக்காய் பருமனில் நாலைந்து சிவப்பு உருண்டைகள் பதிந்திருந்தன. அவற்றைச் சுற்றி வெள்ளை நார் போல ஏதோ ஒன்று, நடுநடுவே மினுமினுக்கும் கறுப்புச் செதில்கள். தொட்டதும் பென்சில் தூள் மாதிரி விரல் கறுத்தது.

எனக்கு அப்போது பதினேழு வயது. கண்ணில் பட்டது சிவப்பு மட்டும்தான். சுத்தியலால் தட்டி ஓர் உருண்டையைத் தெறிக்க வைத்தேன். அது மூன்று துண்டாகப் போயிற்று. இன்னொன்றை எடுக்கப் பார்த்தேன், அது பொடியாயிற்று. மிச்சக் கல்லைத் தென்னை மூட்டில் எறிந்துவிட்டேன். கிணறு வெட்ட வந்த பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் செவப்பு உள்ள கல்லு வீட்டுக்கு ஆவாது மக்ளே, ரெண்டு மழையில பொடிஞ்சு போவும்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஏன் சரி என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. புரிந்தபோது இன்னொன்றும் சேர்ந்து புரிந்தது. நான் வைத்துக்கொண்ட மூன்று சிவப்புச் சில்லுகளில் ஒன்றுமே இல்லை. தென்னை மூட்டில் எறிந்ததில்தான் எல்லாம் இருந்தது. கார்னெட் சேகரிப்பைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். அந்தக் கல்லை அதன் கூட்டாளிகளிடமிருந்து பிரித்தால் பெரும்பகுதி போய்விடும்.

நகைக்காரருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவருக்கு நிறமும் தெளிவும் போதும். மணல் தொழிலில் இருப்பவருக்கு டன் கணக்கு போதும். படிக மாதிரி சேர்ப்பவருக்கு மட்டும் அந்தப் படிகம் எதனோடு, எதன் மேல், எதற்குள் பிறந்தது என்பதே பாதி மதிப்பு. என்னைக் கேட்டால் பாதிக்கும் மேல்.

மாதுளை முத்தும் கோமேதகமும்

கார்னெட் ஒரு தனிக் கனிமத்தின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். மாதுளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிவப்புக் கார்னெட்டை மாதுளை முத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர் வைத்தவரின் கண்ணைப் பாராட்டத் தோன்றும். குடும்பத்தில் ஆறு பேர் முக்கியம். இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் ஆல்மண்டின், மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்தால் பைரோப், மாங்கனீஸ் வந்தால் ஸ்பெஸ்ஸார்டின். சுண்ணாம்புச் சத்து பக்கம் போனால் குரோசுலார், ஆண்ட்ராடைட், பச்சை நிற உவரோவைட். எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. அதில் உட்காரும் உலோகம்தான் மாறுகிறது. கலப்பில்லாத கார்னெட் இயற்கையில் அனேகமாகக் கிடையாது. குமரி, திருவனந்தபுரம் பக்கத்தில் கொண்டலைட் என்ற பாறையில் கிடைப்பது பெரும்பாலும் ஆல்மண்டினும் பைரோப்பும் கலந்தது. அதனால்தான் அந்த ஒயின் சிவப்பு, சில நேரம் லேசான ஊதா.

தமிழருக்கு இந்தக் குடும்பத்தில் நெடுநாள் பழக்கமானவர் ஒருவர் உண்டு. நவரத்தினத்தில் வரும் கோமேதகம், குரோசுலாரில் ஒரு வகை. தேன் நிறமும் லவங்கப்பட்டை நிறமும் கலந்து, உள்ளே பாகு கரைந்தது போலத் தெரியும். சிவப்புக் கார்னெட்டுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அதை மாணிக்கத்துக்குப் பதிலாக விற்றதுதான் அதிகம். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் இடங்களில் 'கெம்பு' என்று சிவப்புக் கற்களைப் பொதுவாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கெம்பு என்ற சொல் நிறத்தைச் சொல்கிறது, கனிமத்தை அல்ல.

மாணிக்கமா கார்னெட்டா என்று சந்தேகம் வந்தால் ஒரு புற ஊதா டார்ச் போதும். பெரும்பாலான மாணிக்கங்கள் அதில் சிவந்து ஒளிரும். கார்னெட் இருண்டே கிடக்கும், அதிலுள்ள இரும்பு ஒளிர்வைக் கொன்றுவிடும். அதே இரும்பால் இன்னொரு சோதனையும் உண்டு. வலுவான நியோடிமியம் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு ஆல்மண்டின் அருகே கொண்டுபோனால் மெல்ல இழுபடும். பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் ஆறரை முதல் ஏழரை வரை, கண்ணாடியைக் கீறும். கையில் வைத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்றால் ஆல்மண்டின் 4.3 வரை போகும்.

சேற்றிலிருந்து சிவப்பு

இப்போது அந்தக் கிணற்றுக் கல்லுக்கு வருகிறேன். அதில் ஐந்து பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கார்னெட், வெள்ளை நாராக சில்லிமனைட், விரலைக் கறுப்பாக்கிய கிராஃபைட், இவர்களுக்கு இடையே நிரப்பாக குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். இந்தச் சேர்க்கைக்குத்தான் கொண்டலைட் என்று பெயர். 1902இல் வாக்கர் என்ற புவியியலாளர், ஒடிசா மலைகளில் வாழும் கொண்ட் (Khond) மக்களின் பெயரால் வைத்தது. ஆந்திரத்தின் கிழக்கு மலைத்தொடர் முழுக்க இதே பாறை உண்டு. நம் பக்கத்தில் திருவனந்தபுரத்தைச் சுற்றியும் குமரி மாவட்டத்தின் மேற்கிலும் பரவிக் கிடக்கும் பகுதியைக் கேரள கொண்டலைட் பட்டை என்கிறார்கள். பெயரில் கேரளம் இருந்தாலும் பட்டை விளவங்கோடு தாண்டித்தான் நிற்கிறது.

ஒவ்வொரு கூட்டாளியும் ஒரு சாட்சி. சில்லிமனைட் முழுக்க அலுமினியமும் சிலிக்காவும். அவ்வளவு அலுமினியம் களிமண்ணில்தான் குவியும். ஆகவே இந்தப் பாறை ஒரு காலத்தில் களிமண் சேறு. கிராஃபைட் சுத்தமான கார்பன். சேற்றோடு படிந்த உயிர்ப்பொருள்தான் அதில் பெரும்பங்கு என்று கொள்ளலாம். அப்படியானால் என் விரலைக் கறுப்பாக்கியது ஏதோ ஒரு பழைய கடலின் அடியில் அழுகிய நுண்ணுயிர்களின் மிச்சம். கடினம் ஏழுள்ள கார்னெட்டும், நகத்தால் கீறும் கிராஃபைட்டும் ஒட்டி உட்கார்ந்திருப்பது வேறு எந்தக் கல்லிலும் எனக்கு இவ்வளவு அழகாகப் படவில்லை.

அந்தச் சேறு சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்ற பெருநிலம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், பூமிக்குள் இருபது கிலோமீட்டர் போல ஆழத்துக்கு இறங்கியது. அப்போது இலங்கையும் மடகாஸ்கரும் நமக்குப் பக்கத்து வீடுகள். அங்கேயும் இதே வகைப் பாறைகள், இதே வகைக் கார்னெட். வெப்பம் 800 டிகிரியைத் தாண்டியது. அந்தச் சூட்டில் கறுப்பு மைக்காவான பயோடைட்டால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பயோடைட்டும் சில்லிமனைட்டும் குவார்ட்ஸும் சேர்ந்து உடைந்து, கொஞ்சம் உருகிய பாறைக் குழம்பையும் கார்னெட்டையும் தந்தன. குழம்பு வெள்ளை நரம்புகளாகப் பாறைக்குள் ஓடி இறுகியது. அதனால்தான் குவாரிச் சுவரில் வெள்ளை நரம்பு தெரியும் இடத்தில், அதன் நடுவிலோ ஓரத்திலோ, மற்ற இடத்தை விடப் பெரிய கார்னெட் இருக்கும். குமரிப் பக்கம் தேடுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வெள்ளை நரம்பைத்தான். சாம்பல் பகுதியில் மிளகு அளவு கிடைக்கிற கல், நரம்பில் நெல்லிக்காய் அளவுக்குப் போகும்.

பெரியவர் சொன்ன 'வீட்டுக்கு ஆவாது' என்பதன் காரணமும் இதே கூட்டத்தில் இருக்கிறது. கிராஃபைட் செதில்கள் வழியாகக் கல் எளிதில் பிரியும். மழை அதிகமுள்ள ஊரில் ஃபெல்ஸ்பார் மெல்ல மெல்ல வெள்ளைக் களிமண்ணாகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் எடுக்கும் சீனக்களிமண் இப்படி மக்கிய கொண்டலைட்தான். கார்னெட்டிலுள்ள இரும்பு துருவாகி எல்லாவற்றையும் மஞ்சளாக்கும். கொனார்க் சூரியக் கோயிலின் சிற்பங்கள் ஏன் அப்படி அரித்துக் கிடக்கின்றன என்று யாராவது கேட்டால், கடல் காற்று பாதிக் காரணம், கொண்டலைட் மீதிக் காரணம். நம் ஊரில் அஸ்திவாரத்துக்குத் தேடும் 'நல்ல கருங்கல்' பெரும்பாலும் சார்னோக்கைட். அதற்குப் பெயர் வந்த கதை சிறியது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்த ஹாலந்து என்ற புவியியலாளர், அது சென்னைப் பக்கத்துப் பாறை என்று அடையாளம் கண்டு, 1893இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார்.

இந்த இரண்டு பாறையும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதைத் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடிப் பக்கத்தில் கண்ணால் பார்க்கலாம். வெளிறிய கார்னெட் பாறைக்குள் கறுப்பு எண்ணெய் ஊறியது போலத் திட்டுத் திட்டாக சார்னோக்கைட் பரவியிருக்கும். அந்தத் திட்டுக்குள் போகப்போகக் கார்னெட்டும் பயோடைட்டும் குறையும், புதிதாகப் பைராக்ஸீன் என்ற கருங்கனிமம் வரும். நீர் குறைவான, கரியமில வாயு நிறைந்த திரவம் வெடிப்பு வழியே ஏறியதால் இது நடந்தது என்ற விளக்கத்தைச் சுற்றி உலகம் முழுக்க ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். எல்லைக்கோட்டில் எடுத்த ஒரு கைப்பிடிக் கல், ஒரு பக்கம் கார்னெட், மறுபக்கம் கார்னெட் இல்லாமல் இருந்தால், அது தனிப்படிகம் பத்துக்குச் சமம்.

வடிவம் ஏன் இங்கே தருவதில்லை

புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. புத்தகப் படங்களில் கார்னெட் பன்னிரண்டு சாய்சதுர முகங்களோடு பந்து போல இருக்கும், அல்லது இருபத்துநான்கு பட்டம் போன்ற முகங்களோடு. இரண்டும் கலந்தும் வரும். ஒருவர் செதுக்கி வைத்தது போன்ற அந்த வடிவம் நம் கொண்டலைட்டில் அபூர்வம். இங்கே உருண்டை, நசுங்கல், விரிசல்தான் அதிகம். கார்னெட்டுக்குப் பிளவுத் தளம் இல்லை, அதாவது மைக்காவைப் போல ஒரு திசையில் ஒழுங்காகப் பிரியாது. ஆனால் ஆழத்திலிருந்து மேலே வரும் வழியில் அதற்குள் கண்ணாடி விரிசல் போல நூறு கீறல் விழுந்திருக்கும். சுத்தியலுக்கு அது பொடியானதில் வியப்பில்லை.

இதற்குக் காரணம் சூடு. மிக உயர்ந்த வெப்பத்தில் கார்னெட் வளரும்போது சுற்றிலும் எல்லாமே இளகி, ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும். அப்புறம் பாறை மேலே ஏறும்போது கார்னெட்டின் விளிம்பே திரும்ப வினைபுரியத் தொடங்கும். கார்னெட்டும் சில்லிமனைட்டும் குவார்ட்ஸும் சேர்ந்து கார்டியரைட் என்ற கனிமமாக மாறும். அச்சன்கோவில் பகுதியில், செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே, கார்டியரைட் உள்ள பாறைகள் நிறைய. சாதாரணக் கண்ணுக்கு அது மங்கிய நீலச் சாம்பல் குவார்ட்ஸ் மாதிரிதான் தெரியும். திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு திசையில் ஊதா, இன்னொரு திசையில் வெளிர் மஞ்சள். இதன் தெளிந்த வகையைத்தான் நகைக்கடையில் அயோலைட் என்கிறார்கள். சிவப்புக் கார்னெட்டைச் சுற்றி நீலச் சாம்பல் வளையம் இருந்தால், அழுத்தம் குறையக் குறையப் பாறை மேலே வந்தது என்பதற்கு அது எழுத்துப்பூர்வமான ஆதாரம் போல. விளிம்பு அரிக்கப்பட்ட, முகமே இல்லாத கார்னெட்தான் அந்த ஆதாரத்தைத் தருகிறது. வடிவம் அழகாக இல்லையென்று அதை ஒதுக்கினால் நட்டம் நமக்கு.

வடிவம் வேண்டுமென்றால் நம் மறு எல்லைக்குப் போக வேண்டும். கும்மிடிப்பூண்டி தாண்டி, சூலூர்ப்பேட்டை, கூடூர் வழியாக நெல்லூர் மைக்கா பூமி. ரயிலில் சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம். கூடூர், சைதாபுரம் பக்கத்து மைக்காச் சுரங்கங்கள் ஒரு காலத்தில் பச்சை மைக்காவுக்கு உலகப் புகழ் பெற்றவை. தமிழ் பேசும் குடும்பங்கள் அந்தப் பக்கம் எங்கும் உண்டு, வழி கேட்கச் சிரமமில்லை. அங்கே உள்ள மைக்கா சிஸ்ட், அதாவது ஏடு ஏடாகப் பிரியும் மைக்காப் பாறை, இவ்வளவு சூட்டைப் பார்க்கவில்லை. மென்மையான மைக்கா ஏடுகளை விலக்கிக்கொண்டு கார்னெட் தன் முகங்களை நிதானமாகக் கட்டிக்கொண்டது. பாறை மக்கும்போது பட்டாணி போலத் தானே உதிரும். கூட்டாளிகளும் வேறு. நீலப் பட்டைகளாகக் கயனைட், சில நேரம் சிலுவை போல இரட்டைப் படிகமாகும் ஸ்டாரோலைட். பெக்மடைட் எனும் பெரும்படிகப் பாறை நரம்புகளில் போனால் மைக்கா ஏடுகளோடு கறுப்பு டூர்மலின், பெரில், கூடவே மாங்கனீஸ் கலந்த கார்னெட்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கயனைட், சில்லிமனைட், ஆண்டலூசைட் மூன்றுக்கும் சரக்கு ஒன்றே, அலுமினியமும் சிலிக்காவும், அதே விகிதத்தில். அழுத்தம் கூடிய இடத்தில் கயனைட், அழுத்தம் குறைந்த இடத்தில் ஆண்டலூசைட், சூடு ஓங்கிய இடத்தில் சில்லிமனைட். ஆக, நெல்லூர்க் கார்னெட்டுக்குப் பக்கத்தில் நீலம், குமரிக் கார்னெட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை நார். இரண்டு கார்னெட்டையும் தனியாகப் பிடுங்கி ஒரு கிண்ணத்தில் போட்டால் எது எந்த ஊர் என்று நானே தடுமாறுவேன். கூட்டாளியோடு இருந்தால் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். கொண்டலைட்டுக்குள் ஸ்டாரோலைட் சிலுவையைத் தேடி யாரும் களைக்க வேண்டாம், அந்தச் சூட்டில் அது எப்போதோ கரைந்துபோயிற்று.

சுண்ணாம்புக்கல் வெந்த இடங்களில் கதை மறுபடி மாறும். பச்சை டையாப்சைட், வெள்ளை வொல்லாஸ்டனைட், அவற்றோடு ஆரஞ்சு நிற குரோசுலார். நம் பட்டையிலும் இடையிடையே இப்படி மெல்லிய அடுக்குகள் உண்டு. குவாரியில் ஜல்லிக்கு ஆகாது என்று ஒதுக்கிப் போட்ட பச்சை வெள்ளைக் கல்லை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது.

பொட்டலத்தில் வரும் கார்னெட்

கன்னியாகுமரிக்குப் போன எல்லோரும் வண்ண மணல் பொட்டலம் வாங்கியிருப்பார்கள். குமரி அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால், விருந்துக்கு வைத்த அரிசியும் தானியமும் மணலாகிவிட்டன என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். அந்தக் கதையை நான் ஒருபோதும் மறுக்க மாட்டேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கதையையும் வைப்பேன். பொட்டலத்தின் சிவப்பு, கார்னெட். கறுப்பு, டைட்டானியத் தாதுவான இல்மனைட். அரிசி போன்ற வெள்ளையில் குவார்ட்ஸும், கொண்டலைட்டிலிருந்து கழன்ற சில்லிமனைட்டும் உண்டு. மலையில் மக்கிய பாறையை ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோயின. தென்மேற்குப் பருவ அலை கரையை அடிக்கும்போது எடை குறைந்த குவார்ட்ஸை இழுத்துச் செல்கிறது, கனமான மணிகள் தங்கிவிடுகின்றன. சொளவில் அரிசி புடைப்பது போல.

மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணல் உலகத்துக்குத் தெரிந்ததும் ஒரு கூட்டாளியால்தான். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அந்தக் காலத்துக் கேஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் தேவை, தோரியம் மோனசைட்டில் இருந்தது. பெட்ரோமாக்ஸ் மேண்டிலைக் கட்டியவர்களுக்கு அந்த வெள்ளை வலை நினைவிருக்கும். பிறகு அணுசக்தி வந்தது, மணலின் மதிப்பே மாறியது. மணவாளக்குறிச்சியில் இன்றும் அரசு நிறுவனமான இந்திய அருமணல் ஆலை இயங்குகிறது. அங்கே மணலைப் பிரிப்பது, முன்னே சொன்ன காந்தச் சோதனையின் பெரிய வடிவம்தான். இல்மனைட்டைக் காந்தம் முதலில் இழுக்கும், அதைவிட வலுவான காந்தப்புலம் கார்னெட்டை, அப்புறம் மோனசைட்டை. ஒட்டாமல் போவது சிர்க்கான், ரூட்டைல், சில்லிமனைட். பிரித்த கார்னெட், தண்ணீரோடு கலந்து இரும்பை வெட்டவும், கப்பல் துருவைத் தேய்த்து நீக்கவும் போகிறது. இந்த வேலைக்கு முன்பு குவார்ட்ஸ் மணல் பயன்பட்டது. அதன் தூசு நுரையீரலைக் கெடுத்ததால் கார்னெட்டுக்கு மாறினார்கள்.

சேகரிப்பவருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. 2013இல் தமிழக அரசு கடற்கரைத் தாது மணல் எடுப்பதை நிறுத்தியது. 2019இல் ஒன்றிய அரசு இந்த மணலில் தனியாருக்கு இருந்த உரிமைகளை முடித்தது. இந்த மணலை மூட்டையில் அள்ளுவது பொழுதுபோக்கு அல்ல, குற்றம். கடைப் பொட்டலம் ஒன்று போதும். இன்னொன்று, மோனசைட் கதிரியக்கம் உள்ளது, அதில் எட்டு ஒன்பது விழுக்காடு தோரியம் ஆக்சைடு. காந்தத்தால் விளையாட்டாகப் பிரித்து மஞ்சள் மணிகளைப் புட்டியில் சேர்த்துப் படுக்கை அறையில் வைக்கும் வேலை வேண்டாம்.

மணல் கார்னெட்டை உருப்பெருக்கியில் பார்ப்பது தனிச் சுகம். கண்ணாடி போன்ற இளஞ்சிவப்பு மணிகள், சிலவற்றில் பழைய முகம் கூடத் தெரியும். ஆனால் அது அனாதை. எந்த மலை, எந்த நரம்பு என்று கேட்டால் மணிக்குள்ளேயே தேட வேண்டும்.

மணிக்குள் இருக்கும் ஊர்

மணிக்குள் தேடினால் கிடைக்கும் என்பதற்குப் புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு சான்று இருக்கிறது. ரோமானியரோடு வணிகம் நடந்த அரிக்கமேட்டில் கார்னெட் மணிகளும், மணி செய்ய உடைத்த சில்லுகளும் கிடைத்தன. நெடுநாள் கேள்வி, இந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தச் சில்லுகளின் வேதியியலையும், அவற்றுக்குள் அடைபட்டிருந்த சில்லிமனைட் இழைகளையும் மற்றத் துணுக்குகளையும் ஒப்பிட்டு, தெலங்கானாவின் பழைய கம்மம் மாவட்டத்தில் ஆந்திர எல்லைக்கு அருகேயுள்ள கரிப்பேட்டைக் குன்றோடு பொருத்தியது. அங்கே பழைய சுரங்கம் உண்டு, மக்கிய பாறையிலிருந்து உதிர்ந்த ஆல்மண்டின் மண்ணில் கிடக்கும். ஐரோப்பாவில், ரோமுக்குப் பின் பிரான்ஸ் பகுதியை ஆண்ட மெரோவிங்கியர் காலப் பொன் நகைகளில் பதித்த சிவப்புச் சில்லுகள் சிலவும் இந்தியக் கார்னெட் என்று வேதியியல் சொல்கிறது.

அதாவது, நகைக்காரர் குறை என்று ஒதுக்கும் உள்துணுக்கு ஊரைக் காட்டிக்கொடுத்தது. கார்னெட் வளரும்போது பக்கத்தில் இருந்தவரை உள்ளே பூட்டிக்கொண்டு வளர்கிறது. சில்லிமனைட், ரூட்டைல், சிர்க்கான், கிராஃபைட் எல்லாம் அதற்குள் இருக்கும். வெளியே பாறை மக்கி, ஆறு அடித்து, பட்டறை உடைத்த பிறகும் அந்தக் கூட்டாளி உள்ளேயே இருக்கிறார். நான் பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் வெளியே போவதில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

எடுப்பதும் வைப்பதும்

முதல் விதி, கார்னெட்டின் மேல் அடிக்கக் கூடாது. அதிலிருந்து ஒரு கையகலம் தள்ளிப் பாறையைப் பிளக்க வேண்டும். பாறையில் அடுக்கு இருந்தால் அடுக்குக்கு இணையாக உளி போகட்டும். வீட்டுக்கு வந்த பிறகு அதிகப்படி கல்லைக் கிரைண்டரில் தண்ணீர் விட்டு வெட்டிக்கொள்ளலாம். தூசு மூக்குக்குப் போகாமல் முகமூடி வேண்டும், கண்ணாடியும் வேண்டும். கழுவத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். துரு நீக்க ஆக்ஸாலிக் அமிலம் என்று பலர் சொல்வார்கள். கார்னெட்டுக்கு ஆகும்தான், ஆனால் அது நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டில் நான் வைத்ததில்லை. துருப்பிடித்த விளிம்பும் கதையில் ஒரு பகுதி என்று விட்டுவிடுவேன். கிராஃபைட் உள்ள மாதிரியைத் தேய்க்கவே கூடாது, கறுப்பு எங்கும் பரவி வெள்ளைச் சில்லிமனைட்டைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, சீட்டு. ஊர், எந்தப் பக்கம், கிணறா குவாரியா சாலை வெட்டா, எவ்வளவு ஆழம், என்ன பாறை, கூட என்ன இருந்தது, தேதி. கல்லின் அடிப்பக்கம் சின்னதாக வெள்ளை வண்ணம் பூசி எண் எழுதி, அதே எண்ணை நோட்டில். நம் பகுதியில் இதற்குக் கூடுதல் அவசியம் உண்டு. பழைய தொகுப்புகளில் 'திருவிதாங்கூர்' என்று மட்டும் சீட்டு இருக்கும். குமரி தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1க்கு முன்பு அது தோவாளையும் ஆகலாம், கொட்டாரக்கரையும் ஆகலாம். ஒரு சீட்டின் சோம்பலால் ஒரு நல்ல மாதிரி ஊரில்லாததாகிவிடும்.

மூன்றாவது, வாங்கும்போது கவனம். மைக்கா சிஸ்ட் மேல் அழகான கார்னெட் உட்கார்ந்திருக்கும் மாதிரிகளில் ஒட்டுவேலை நடக்கிறது. உதிரிப் படிகத்தைப் பசை போட்டுக் குழியில் பதித்துவிடுவார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் கார்னெட் இருளும், பல பசைகள் நீல வெள்ளையாக ஒளிரும். இயற்கையில் மைக்கா ஏடுகள் கார்னெட்டைச் சுற்றி வளைந்து போகும், நீரோட்டம் கல்லைச் சுற்றுவது போல. ஒட்டியதில் ஏடுகள் நேராகப் போய் முட்டி நிற்கும். அதே போல, எல்லைப் பக்கத்தில் யாராவது வைடூரியம் என்று தேன் நிறக் கல்லைக் காட்டினால் அவசரப்பட வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்துப் பெக்மடைட்டில் கிரிசோபெரில் உண்மையாகவே கிடைக்கிறது, வைடூரியம் எனப்படும் அதன் பூனைக்கண் வகையும் உண்டு. கொண்டலைட்டின் அலுமினியமும் பெக்மடைட்டின் பெரிலியமும் சந்தித்ததால் பிறந்தது அது. ஆனால் அதற்காகக் காட்டுக்குள் திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்களும் உண்டு. அந்தக் கல்லுக்குப் பின்னால் வெட்டிய மரங்கள் இருக்கும்.

காட்டுப் பகுதிகள், அகத்தியமலையும் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமும், சேகரிப்புக்கு அல்ல. அங்கே போட்டோ மட்டும். கைவிட்ட குவாரிகளில் தண்ணீர் நிற்கும் குழிகள் ஆழம் தெரியாதவை, தனியாகப் போகவே கூடாது. ஓடும் குவாரியில் வெடி வைக்கும் நேரம் கேட்டு, மேஸ்திரியிடம் அனுமதி வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் கழிவுக் குவியலைப் பார்த்தால் போதும். அங்கே வேலை செய்பவர்களுக்குக் கல் நம்மை விட நன்றாகத் தெரியும். எந்த முகத்தில் 'செவப்பு' அதிகம் என்று அவர்களே காட்டுவார்கள்.

நான் இப்போதெல்லாம் அதிகம் பார்ப்பது புது வீட்டு அஸ்திவாரக் குழிகளையும், களியக்காவிளை பக்கம் நான்கு வழிச்சாலைக்காக வெட்டிய கரைகளையும்தான். இவ்வளவு நீளமான கொண்டலைட் வெட்டுமுகம் எங்கள் தலைமுறையில் திறந்ததில்லை. ஓரிரு பருவமழைக்குள் அது மஞ்சளாகும், அப்புறம் புல் மூடும், சில இடத்தில் கான்கிரீட் பூசிவிடுவார்கள். போகிறவர்கள் சாலை ஓரம் பாதுகாப்பாக நின்று, மழை விட்ட மறுநாள் காலை பாருங்கள். கழுவிய முகத்தில் வெயில் சாய்வாக விழும்போது வெள்ளை நரம்பு முதலில் தெரியும், அதற்குள் சிவப்பு, அதைச் சுற்றி நார். கையில் நோட்டும் இருக்கட்டும்.